பின்சுவரில் வைத்த பழம்

எனக்கு ஒரு ஆளுக்குச் சமைக்கத் தெரியாது. சொன்னால் சிரிப்பார்கள். ஈப்போ பக்கம் ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையின் கேன்டீனில் முடி நரைக்கும் வரை சமைத்தவள் நான். காலை ஷிப்டுக்கும் மாலை ஷிப்டுக்கும் சோறு, கறி, மீன், கீரை, சம்பல். வெங்காயம் வதக்குகிற குவாலிச் சட்டியில் ஒரு கைக்குழந்தையைக் குளிப்பாட்டலாம், அவ்வளவு பெரிசு. கரண்டியை இரண்டு கையாலும் பிடித்துத் துடுப்புப் போடுவது மாதிரிதான் கிண்ட வேண்டும். அந்த அளவு கையில் ஊறிப்போய்விட்டது. வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு கால் டம்ளர் அரிசியைப் பானையில் போட்டால், அடியில் போட்டது கண்ணுக்கே தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் போடுவேன். மிஞ்சும். மறுநாள் அதையே சூடாக்குவேன். அதற்கும் மறுநாள் கொட்டுவேன். ரப்பர் எஸ்டேட் லயத்தில் பிறந்தவளுக்குச் சோற்றைக் கொட்டக் கை வராது.

என் கணவர் லாரி ஓட்டியவர். நான் வேலையை விட்டதற்கும் அவர் போனதற்கும் இடையில் அதிகக் காலம் இல்லை. லகாட்டில் நாங்கள் வாங்கிய வரிசை வீட்டில் அதற்குப் பிறகு நான் மட்டும். ஒரே மகன் ஜொகூர் பாருவில் குடும்பத்தோடு இருக்கிறான், வேலை சிங்கப்பூரில். விடிவதற்கு முன்பே கிளம்பிப் பாலத்தைத் தாண்டிப் போய், பொழுது சாய்ந்த பிறகு அதே பாலத்தைத் தாண்டித் திரும்புகிறவன். திரும்பும் பஸ் நெரிசலில் நிற்கும்போது எனக்குப் போன் அடிப்பான்.

“மா, சாப்டாச்சா?”

“ஆச்சுப்பா.”

“என்னா சமைச்சீங்க?”

ஆரம்பத்தில் உள்ளதைத்தான் சொன்னேன். “ரொட்டி இருந்துச்சு, அதையே மைலோவுல தொட்டுக்கிட்டேன்” என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன். அதிலிருந்து, “இங்க வந்துடுங்கமா, அங்க ஒத்தையா இருந்து என்னா செய்யப் போறீங்க” என்று தினமும் ஆரம்பித்தான். அவனைச் சமாதானப்படுத்த, சமைக்காததைச் சமைத்ததாகச் சொல்லத் தொடங்கினேன். நெத்திலிச் சம்பல், முருங்கைக்கீரைப் பொரியல், மிளகு ரசம். போகப் போக அதில் எனக்கே ஒரு ருசி வந்துவிட்டது. வெயில் இறங்கும்போதே இன்றைக்கு என்ன சொல்லலாம் என்று யோசிப்பேன். நேற்றுச் சொன்னதையே சொல்லிவிடக் கூடாது. சாளை மீன் என்றால் புளி கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும், மாங்காய் போட்டால் புளியைக் குறைக்க வேண்டும் என்று மனசுக்குள்ளேயே பக்குவம் ஓடும். அடுப்பு மட்டும் பற்றாது.

பசிக்குப் பழம் இருந்தது.

பக்கத்து வீட்டில் ஒரு சீனர் தனியாக இருந்தார். லாரி எஞ்சின் பிரித்துப் பழுது பார்த்தவர். என் கணவருக்கு அப்படித்தான் பழக்கம். நான் அவரை அங்கிள் என்பேன். இங்கே இந்தியப் பெண்களை எல்லோரும் கூப்பிடுவது போல அவர் என்னை அச்சி என்பார். எங்களுக்குள் பேச்சு கொச்சை மலாயில்தான், அதுவும் இரண்டு மூன்று சொல்லோடு முடிந்துவிடும். இங்கே அதைத் தமிழில் எழுதுகிறேன். அவருடைய தம்பிக்குத் தம்புனில், சுண்ணாம்புக் குன்றுகளின் அடிவாரத்தில் ஒரு பம்ப்ளிமாஸ் தோட்டம் உண்டு. மலாயில் அதை லிமாவ் பாலி என்பார்கள். தோலில் தழும்பு விழுந்து கடைக்குப் போகாத பழங்களைத் தம்பி சாக்கில் கட்டிக் கொண்டுவந்து அண்ணன் வீட்டில் இறக்கிவிட்டுப் போவார். இரண்டு வீட்டின் பின்கட்டையும் பிரிப்பது நெஞ்சளவுச் சுவர் ஒன்று. அங்கிள் அதன் மேல் ஒரு பழத்தை வைத்து, சுவரை விரல் முட்டியால் தட்டுவார்.

“அச்சி! லிமாவ்!”

நான் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் அவர் உள்ளே போயிருப்பார். கொடுத்ததை வாங்கும்போது ஆள் முகத்தைப் பார்ப்பது அவருக்குக் கூச்சம் என்று நினைக்கிறேன்.

முதலில் நானும் பதிலுக்கு ஒரு டப்பாவில் கறியோ சம்பலோ வைத்துக் கொடுத்தேன். நான் சமைப்பதை விட்ட பிறகு டப்பா போவது நின்றது. பழம் வருவது நிற்கவில்லை.

பம்ப்ளிமாஸ் உரிப்பது அவசரத்தில் ஆகிற காரியமில்லை. தலைப்பக்கத்தைச் சீவி, மேலிருந்து கீழாகக் கத்தியால் கீறி, விரலை உள்ளே விட்டுப் பெயர்க்க வேண்டும். மெத்தை போன்ற வெள்ளைத் தோல் ‘சரக்’கென்று விட்டுக்கொடுக்கும். அப்புறம் ஒவ்வொரு சுளையாகப் பிரித்து, அதன் மேல் தோலைக் கிழித்து, கொட்டையை எடுத்து, உள்ளே இருக்கும் முத்துகளை உதிராமல் வாயில் போட வேண்டும். தொலைக்காட்சியில் நாடகம் ஆரம்பிக்கும்போது கத்தியை எடுத்தால், நாடகம் முடியும்போது தட்டில் தோல்தான் இருக்கும். சாயங்காலம் என்கிற அந்தப் பெரிய நேரம் அப்படி நகர்ந்துவிடும். சட்டி கழுவ வேண்டாம். வயிறும் நிறைந்த மாதிரி இருக்கும். அதன் பிறகு மாத்திரை.

எனக்குப் பிரஷரும் கொலஸ்ட்ராலும் ரொம்ப நாளாக உண்டு. அரசாங்கக் கிளினிக்கில் மாத்திரை வாங்கி வருவேன். ஒரு தடவை ரத்தத்தைச் சோதித்துப் பார்த்த டாக்டர், கொழுப்பு இறங்கவே இல்லை என்று அந்த மாத்திரையின் அளவைக் கூட்டினார். மருந்து கவுன்டரில் அன்று ஒரே கூட்டம். என் முறை வந்தபோது உள்ளே இருந்த பெண் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஏதோ சொன்னாள். சிரமப்பட்டுக் கேட்டதில், இரவில் ஒன்று என்பது மட்டும் காதில் விழுந்தது. வேறு என்ன சொன்னாள் என்று திருப்பிக் கேட்கவில்லை. எனக்குப் பின்னால் சக்கர நாற்காலியில் ஒருவர் காத்துக்கொண்டிருந்தார்.

சீனப் பெருநாள் நெருங்கிய நேரம் அது. தம்புன் சாலையோரக் கடைகளில் பம்ப்ளிமாஸ் பச்சையும் மஞ்சளுமாகச் சிவப்பு நாடா கட்டிக் குவிந்து கிடக்கும் காலம். அங்கிள் வீட்டுக்குச் சாக்கு மேல் சாக்காக வந்தது. சுவரிலும் தினமும் ஒரு பழம் இருந்தது.

வலி முதலில் தொடையில் வந்தது. நாள் முழுக்க மேட்டு மர நிரையில் ஏறி இறங்கிய மறுநாள் காலில் ஒரு வலி இருக்குமே, பால் வெட்டுக்குப் போனவர்களுக்குத் தெரியும், அது மாதிரி. ஆனால் நான் எங்கேயும் ஏறவில்லை. வயசு என்று நினைத்தேன். தைலம் தேய்த்தேன். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். சில நாளில் அது தோளுக்கு ஏறியது. தலை வாரக் கையைத் தூக்கினால் பாதியிலேயே தொப்பென்று விழுந்தது. கொண்டை போடுவதை விட்டு, முடியை ஒரு ரப்பரில் அள்ளிக் கட்டிக்கொண்டேன். தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. நாற்காலியைப் பிடித்துப் புரண்டு எழுந்தேன். மகனிடம் சொல்லவில்லை. சொன்னால் ஓடி வருவான், இல்லாவிட்டால் என்னை அள்ளிக்கொண்டு போவான். அன்றைக்கு அவனிடம் கருவாட்டுக் குழம்பு என்று சொன்னது நினைவிருக்கிறது.

பிறகு ஒரு நாள் சிறுநீர் கருப்புக் காப்பி மாதிரி போனது. பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். யாரிடமாவது கேட்க வேண்டும் போல இருந்தது. கணவர் இருந்திருந்தால் கூச்சப்படாமல் கேட்டிருப்பேன். போனில் மகனிடம் எப்படி இதைச் சொல்வது? உடம்புச் சூடு என்று நானே முடிவு கட்டினேன். வெயிலும் அப்போது அப்படித்தான் அடித்தது. சூட்டுக்குக் குளிர்ச்சிதானே மருந்து? அதனால் காலையிலும் ஒரு பழம் உரித்தேன்.

விழுந்தது பின்கட்டில், துணி துவைக்கும் இடத்தில். குனிந்து வாளியைத் தூக்கினேன். கால் இரண்டும் என்னுடையதில்லை என்பது போல மடங்கின. அடி பலமில்லை, ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. கையை ஊன்றினால் கையும் மடங்கியது. ஈரச் சிமென்ட்டில் ஒருக்களித்துக் கிடந்தேன். குழாய் திறந்தபடியே ஓடிக்கொண்டிருந்தது. அதை மூட முடியவில்லையே என்பதுதான் அப்போது பெரிய கவலையாக இருந்தது. வாசல் பக்கம் ரொட்டிக்காரனின் மோட்டார் சைக்கிள் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. கத்தினேன். குரல் சுவரைத் தாண்டியதாகத் தெரியவில்லை. அப்புறம் கத்தவில்லை. யார் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது என்று யோசித்தேன். பெயராக ஒன்றும் வரவில்லை.

வெயில் சுவரிலிருந்து இறங்கி என் காலைத் தொட்டபோது தலைக்கு மேல் தட்டும் சத்தம் கேட்டது.

“அச்சி! லிமாவ்!”

“அங்கிள்,” என்றேன். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். அப்படியே போய்விடுவார். இருந்த பலத்தை எல்லாம் கூட்டி வாளியை உதைத்தேன். அது உருண்ட சத்தத்தில் அவர் சுவருக்கு மேல் தலையை நீட்டினார்.

“ஐயையோ!” என்றார். சீனத்தில் ஏதோ சொன்னார். பிறகு மலாயில், “அசையாதே, அசையாதே, வாரேன்” என்றார்.

முன் இரும்புக்கதவில் நான் பூட்டுப் போட்டிருந்தேன். பூட்டை வெட்டும் சத்தம் கேட்டது; லாரிப் பட்டறைக் கருவிகள் எல்லாம் இன்னும் அவர் வீட்டில்தான் இருந்தன. உள்ளே வந்தவர் முதலில் குழாயை மூடினார். என்னை எப்படித் தொட்டுத் தூக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு துண்டை எடுத்து என் கைக்குக் கீழே கொடுத்து, துண்டைப் பிடித்து இழுத்து, ஒரு எஞ்சினை நகர்த்துகிற நிதானத்தோடு என்னை எழுப்பி உட்கார வைத்தார். அவருடைய பழைய வேனில் படுக்க வைத்துத்தான் ஈப்போவில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். சிவப்பு விளக்கில் நின்றபோது மட்டும் திரும்பி, “வலிக்குதா?” என்று கேட்டார்.

ரத்தம் எடுத்தார்கள். தசை உடைகிறது, உடைந்த சத்து சிறுநீரகத்தில் போய் அடைக்கிறது, அதனால்தான் அந்த நிறம் என்று டாக்டர் சொன்னார். கொழுப்பு மாத்திரையின் வேலையாக இருக்கும் என்று அதை உடனே நிறுத்தினார்கள். இரண்டு கையிலும் ஊசி போட்டு, பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து போன் போய், மகன் அன்று பொழுது சாயும் முன்பே வந்துவிட்டான். சட்டையில் வேலை அட்டை தொங்கியபடியே இருந்தது. கட்டில் பக்கத்தில் நின்று என் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தான். சின்ன வயதில் காய்ச்சல் என்றால் நான் அவன் காலை அப்படிப் பிடித்துக்கொள்வேன்.

மறுநாள் அங்கிளும் வந்தார். பிளாஸ்டிக் டப்பாவில் உரித்த சுளைகளைக் கொண்டுவந்திருந்தார். கொட்டைகூட இல்லை. இத்தனை காலத்தில் எனக்காக அவர் உரித்துத் தந்தது அதுதான் முதல் தடவை. பக்க மேசையில் வைத்துவிட்டு, மகனைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

அவர் போன பிறகுதான் மருந்தாளர் வந்தாள். தமிழ்ப் பெண். சின்ன வயது. என் மாத்திரைகளை எல்லாம் ஒரு பையில் வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“ஆன்ட்டி, ஜாமு, நாட்டு மருந்து ஏதாச்சும் எடுக்கிறீங்களா?”

“இல்லம்மா.”

“சாப்பாடு எப்படி? தினமும் என்னா சாப்பிடுவீங்க?”

மகன் முந்திக்கொண்டான். “அம்மா நல்லா சமைச்சு சாப்பிடுவாங்க மிஸ். கேன்டீன்ல குக்கா இருந்தவங்க. மீன், கீரை, ரசம் எல்லாம் உண்டு. முந்தாநாள்கூட நண்டு சம்பல்.”

அவன் குரலில் பெருமை இருந்தது. எனக்குக் கண்ணை மூடிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்தப் பெண் எழுதிக்கொண்டே நிமிர்ந்தவள், மேசையில் இருந்த டப்பாவைப் பார்த்துவிட்டாள். மூடியைத் திறந்து முகர்ந்தாள்.

“இது லிமாவ் பாலிதானே? அடிக்கடி சாப்பிடுவீங்களா ஆன்ட்டி?”

“எப்பவாச்சும்தான் மிஸ்,” என்றான் மகன்.

“தினமும்,” என்றேன் நான்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

“ராத்திரிக்கு அதான் சாப்பாடு. இப்ப கொஞ்ச நாளா காலையிலயும். வேற ஒண்ணும் இல்லம்மா. நான் சமைக்கிறதில்ல.”

மகன் என் காலிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். கோபத்தில் எடுக்கவில்லை. கை தானாக விலகியது.

அந்தப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மெதுவாகத்தான் சொன்னாள். சில மாத்திரைகளை நம்முடைய குடலும் ஈரலும் பாதி வழியிலேயே உடைத்துக் குறைத்துத்தான் ரத்தத்தில் விடுமாம். பம்ப்ளிமாஸில் இருக்கிற ஏதோ ஒன்று அந்த உடைக்கிற வேலையைக் கட்டிப் போட்டுவிடுமாம்.

“அப்ப மாத்திரை குறையாம அப்படியே ரத்தத்துல சேரும் ஆன்ட்டி. நீங்க ஒண்ணுதான் முழுங்குவீங்க, உடம்புக்கு நெறய முழுங்குன மாதிரி. உங்களுக்கு டோஸும் கூட்டியிருக்காங்க. இந்தப் பிரஷர் மாத்திரையும் அதைக் கொஞ்சம் ஏத்தும். எல்லாம் சேர்ந்துக்கிச்சு.”

“காலையில பழம், ராத்திரி மாத்திரைன்னு தள்ளித் தள்ளி சாப்ட்டா?” என்று கேட்டேன்.

“அப்பவும் ஆகாது. பழத்தோட வேலை ஒரு நாளைக்கு மேலயும் உடம்புல நிக்கும்.”

“பழம்தானேம்மா,” என்றேன்.

“பழம் நல்ல பழம்தான் ஆன்ட்டி. மத்தவங்களுக்கு ஒண்ணும் செய்யாது. சாதா ஆரஞ்சுகூட நீங்க சாப்பிடலாம். இது மட்டும் இந்த மாத்திரையோட சேரக் கூடாது. அதுக்காக நீங்களா எந்த மாத்திரையையும் நிறுத்திடாதீங்க. எங்களைக் கேளுங்க.”

அவள் டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள். கதவருகே இருந்த குப்பைத் தொட்டியில் அது விழும் சத்தம் கேட்டது. கட்டிலிலிருந்து பார்த்தால் மகனின் முதுகு மட்டும் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“நண்டு சம்பலும் இல்லியா மா?” என்று கேட்டான், திரும்பாமலே.

“இல்லப்பா.”

“எல்லாமே சும்மா சொன்னதா?”

“நீ வீணா கவலைப்படுவேன்னு.”

“நீங்க சொல்றத நான் பஸ்ல எல்லார்கிட்டயும் சொல்வேன் மா. எங்கம்மா இன்னிக்கு இது செஞ்சிருக்காங்கன்னு.” கீழே போய் எனக்குக் கஞ்சி வாங்கி வந்து, ஊட்டிவிட்டான்.

சிறுநீர் தெளிந்தது. சிறுநீரகம் தப்பித்துக்கொண்டது என்றார்கள். என்னை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஜொகூருக்குக் கூட்டிப் போனான் மகன். அவர்களுடைய வீடு அடுக்குமாடியில் வெகு உயரத்தில் இருந்தது. மகனும் மருமகளும் இருட்டோடு கிளம்பிப் போவார்கள். பேத்தி பள்ளிக்கூட வேனில் போவாள். அதன் பிறகு பகல் முழுக்க நான். ஜன்னலைத் திறந்தால் காற்று ஊளையிடும், மூடினால் லிப்ட் ஏறி இறங்கும் சத்தம் மட்டும். பக்கத்து வீட்டுக் கதவுகளை நான் மூடியே பார்த்திருக்கிறேன். மருமகள் நல்லவள். எனக்கு வேண்டியதை எல்லாம் டப்பாக்களில் வைத்து, எதை எப்போது சூடாக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டுத்தான் போவாள். சூடாக்கிச் சாப்பிட்டேன். சுவரைப் பிடித்து நடந்தேன், பிறகு பிடிக்காமல் நடந்தேன். நாற்காலி இல்லாமல் தரையிலிருந்து எழுந்த அன்று, “நான் லகாட்டுக்குப் போறேன்பா” என்றேன். எதிர்த்துப் பேசுவான் என்று நினைத்தேன். பஸ் டிக்கெட் எடுத்துத் தந்தான். அங்கேயும் நான் தனிதான் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும்.

கிளம்பும் அன்று பஸ் நிலையத்தில்தான் அதைச் சொன்னான். “பக்கத்து வீட்டு அங்கிள்கிட்ட நான் சொல்லிட்டேன் மா. இனிமே அம்மாவுக்கு லிமாவ் கொடுக்காதீங்க, அதனாலதான் சாகப் பாத்தாங்கன்னு.”

“அப்படியேவா சொன்ன?”

“அப்ப இருந்த மனநிலைல சொல்லிட்டேன்.”

வீட்டுக்கு வந்து பார்த்தால் முன்கதவில் புதுப் பூட்டுத் தொங்கியது. வெட்டிய பூட்டுக்குப் பதிலாக அங்கிள் போட்டுவிட்டு, சாவியை மகனிடம் கொடுத்திருந்தார். ஆனால் ஆளைக் காணவில்லை. பின்கட்டில் நான் துணி காயப்போடும்போது அந்தப் பக்கம் தட்டு கழுவும் சத்தம் கேட்கும். நான் செருமினால் சத்தம் நின்றுவிடும். வாரக்கணக்கில் அப்படியே போனது. எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் காலையில் அவர் வாசலுக்குப் போய்க் கூப்பிட்டேன். ரொம்ப நேரம் கழித்துத்தான் கம்பிக்கதவைத் திறந்தார்.

“அச்சி, உன் மகன் சொன்னான். நான் உனக்கு விஷம் கொடுத்திருக்கேன்.”

“அங்கிள், அது விஷம் இல்ல. என் மருந்தோட சேராது, அவ்வளவுதான். உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நீங்க அன்னிக்கு வராட்டி நான் அங்கயே கிடந்திருப்பேன்.”

“தினம் கொடுத்தேன்,” என்றார். “நீ சாப்பிடணும்னு பெரிய பழமா பார்த்துக் கொடுத்தேன்.”

உட்காரச் சொன்னார். தண்ணீர் எடுத்துவர எழுந்தவர், இரண்டடி போய் நின்று அலமாரியைப் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடித் திறந்தார். முகம் வெளுத்திருந்தது.

“என்னாச்சு அங்கிள்?”

“ஒண்ணுமில்ல. எழுந்தா சுத்தும். வெயில்.”

சாப்பாட்டு மேசையில் வலை மூடிக்குக் கீழே பாதி உரித்த பம்ப்ளிமாஸ் இருந்தது. அதற்குப் பக்கத்தில் கிளினிக்கின் மருந்துப் பை. பையைக் கையில் எடுத்தேன்.

“இந்த மாத்திரை எதுக்கு?”

“பிரஷருக்கு.”

“பழம் தினமும் சாப்பிடுறீங்களா?”

“தம்பி கொண்டாந்து போடுறான். தூக்கியா போட முடியும்?”

அன்றே அவருடைய வேனிலேயே கிளினிக்குக்குப் போனோம். எழுந்தால் சுற்றுகிறவர் ஓட்ட வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். எனக்கு ஓட்டத் தெரியாது. நீ சும்மா வா என்று கையைக் காட்டி, மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினார். மருந்து கவுன்டரில் இந்தத் தடவை எனக்குப் பின்னால் யார் நின்றாலும் நகர்வதில்லை என்று கண்ணாடியில் முகத்தை வைத்துக் கேட்டேன். உள்ளே இருந்த மலாய்ப் பையன் மருந்துப் பையைத் திறந்து பார்த்துவிட்டு, பழத்தைப் பற்றி அங்கிளிடம் நேராகக் கேட்டான். பிறகு உள்ளே போய் டாக்டரைக் கூட்டி வந்தான். அங்கிள் சாப்பிடுகிற பிரஷர் மாத்திரைக்கும் அந்தப் பழம் ஆகாதாம். மருந்து தேவைக்கு மேல் ஏறி, பிரஷரை அளவுக்கு மீறி இறக்கியிருக்கிறது. அங்கேயே கையில் பட்டை கட்டிப் பார்த்துவிட்டு மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். பழத்தை விட்டுவிடச் சொன்னார்கள்.

வேனில் ஏறிய பிறகு அங்கிள் சாவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். “தம்பிக்குத் தோட்டம். அண்ணன் சாப்பிடக் கூடாது,” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். அவர் பல் வரிசையை அன்றுதான் பார்த்தேன்.

அன்று மாலை அடுப்பைப் பற்ற வைத்தேன். இரண்டு பேருக்கு என்று அரிசி போட்டால் பானையில் அது கண்ணுக்குத் தெரிந்தது. உப்பும் காரமும் குறைத்து மீன் குழம்பு வைத்து, டப்பாவில் ஊற்றிச் சுவரில் வைத்துத் தட்டினேன். அதற்குப் பிறகு அநேகமாகத் தினமும் அப்படித்தான். டப்பா கழுவித் துடைத்துத் திரும்பி வரும். ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. அந்தப் பழக்கம் எங்களுக்கு வரவில்லை. அவர் அந்தப் பக்கம் தொலைக்காட்சி முன்னால், நான் இந்தப் பக்கம். அவருடைய கரண்டி தட்டில் இடிக்கும் சத்தம் சில நேரம் கேட்கும். அது கேட்டால் நானும் இன்னொரு கவளம் எடுத்துக்கொள்வேன்.

இந்த வருடம் மழை தொடங்கியபோது அவருக்குக் கண் மங்க ஆரம்பித்தது. கோலாலம்பூர் பக்கம் பூச்சோங்கில் இருக்கும் அவர் மகள் வந்து கூட்டிப் போய்விட்டாள். கிளம்பும்போது அவர் என் வாசலில் வந்து நின்று, “அச்சி, போறேன்” என்றார். “போயிட்டு வாங்க அங்கிள்” என்றேன். புது இடத்துக் கிளினிக்கில் கொடுக்கும் மருந்து எதனோடு சேராது என்று கேட்டுக் கொடுக்கும்படி அவர் மகளிடம் சொன்னேன். அவள் என்னை யார் என்பது போலப் பார்த்து, நன்றி சொன்னாள். பட்டறைக் கருவிகளை யாரோ வந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

என் உடம்பு இப்போது பரவாயில்லை. கையைத் தூக்கிக் கொண்டை போட முடிகிறது. வேறு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். எதனோடு எது ஆகாது என்று ஒவ்வொரு தடவையும் கேட்டுவிட்டுத்தான் கவுன்டரை விட்டு நகர்கிறேன். மகனிடம் உள்ளதைச் சொல்கிறேன். கஞ்சி என்றால் கஞ்சி.

போன வாரம் பக்கத்து வீட்டில் ஆள் சத்தம் கேட்டது. இரண்டு பேர் வாளியும் துடைப்பமுமாக முன்கூடத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். யாரோ குடி வருகிறார்கள் போல என்று முகம் கழுவி, நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். அவர்கள் கூலிக்குக் கழுவ வந்தவர்கள்; தண்ணீரைத் தள்ளிவிட்டு, ஜன்னல்களைச் சாத்தி, கதவைப் பூட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்கள். வாசல் கொஞ்ச நேரம் ஈரமாக இருந்தது.